லூர்துக்காவும் விலை குறைந்த காரும்

எங்கள் லூர்துக்காவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. ஜீப்பும் ஒத்துக்கொள்ளாது. மலையில் பிறந்து, மலையிலேயே வாழ்க்கைப்பட்டு, ஐம்பதைத் தாண்டிவிட்ட ஒரு பெண்ணுக்கு வளைவு ஆகாது என்றால் அவள் எங்கேதான் போவாள்? எங்கும் போகவில்லை. நாகலூரிலிருந்து ஏற்காடு டவுன் வரைக்கும், அதுவும் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், கண்ணை இறுக மூடிக்கொண்டு போய்விடுவாள். டவுனில் ஒண்டிக்கடை முக்கைத் தாண்டி சேலம் போகிற ரோட்டில் இறங்கினால் தீர்ந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நாலைந்து கழிவதற்குள் முகம் வெளுத்து, கைகால் சில்லிட்டு, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுப்பாள். அடிவாரத்தில் இறக்கிப் படுக்க வைத்தால் மூன்று நாளைக்கு எழுந்திருக்க மாட்டாள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு சேலம் என்ற பேச்சையே விட்டுவிட்டாள்.

நான் ஷஹீதா. நாகலூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சாதிக் பாஷா எஸ்டேட் எஸ்டேட்டாக ஜீப் ஓட்டுகிறவர், கடை முழுக்க என் பொறுப்பு. ஊரில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பது ஒரு கடைக்காரிக்குத் தெரிந்த அளவுக்கு டாக்டருக்குக்கூடத் தெரியாது. லூர்துக்கா என் கடைக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். முழுப் பெயர் லூர்துசெல்வி. எஸ்டேட் பெண்கள் அத்தனை பேருக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அளவு எடுக்க டேப்பே வேண்டாம், ஆளைப் பார்த்தாலே போதும். "போன தடவைக்கு ரெண்டு சுத்து கூடிட்டே கண்ணு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். நானே அந்தப் பேச்சை வாங்கியிருக்கிறேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஜாக்கெட் கச்சிதமாக இருந்ததால் மன்னித்துவிட்டேன்.

அவளுக்கு ஒரே மகள், மலர். அவளைச் சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மணப்பெண்ணின் அம்மாவால் மலை இறங்க முடியாது என்பதற்காகக் கல்யாணத்தை மேலேயே ஏற்காட்டுத் தேவாலயத்தில் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ் பிடித்து மேலே வந்தார்கள். கல்யாணம் முடிந்து பஸ் திரும்பிப் போனபோது மகளோடு கீழே போய்க் குடித்தனம் வைத்துவிட்டு வர வேண்டிய தாய், ஒண்டிக்கடையிலேயே நின்று கையாட்டினாள். அப்புறம் என்னையும் இழுத்துக்கொண்டு லேடீஸ் சீட் என்கிற மலைமுனைக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் சேலம் முழுவதும் காலடியில் தெரியும். விளக்கு போடும் நேரம். "இதுல எது எம்மக ஊடு ஷஹீதா?" என்று கேட்டாள். எனக்கு அழுகையும் வந்தது, அவள் வயிற்றின் மேல் கோபமும் வந்தது.

அக்காவின் கணவர் மரியஜோசப், எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவது, பறித்த காபிப் பழத்தை எடை போடுவது எல்லாம் அவர்தான். கூடையின் எடையைக் கழித்து, கூடையில் ஒட்டியிருக்கும் மழைத் தண்ணீரின் எடையையும் கழிக்கிற மனிதர். நல்லவர், ஆனால் கை இறுக்கம். அப்படிப்பட்டவர் ரிட்டையரான கையோடு, வந்த பணத்தில் பாதிக்கு மேல் போட்டு ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கினார் என்றால் ஊர் வாயைப் பிளக்காதா? எங்கள் மலையில் அதுதான் முதல் எலக்ட்ரிக் கார். நீல நிறம். சத்தமே இல்லாமல் வந்து நின்றதைப் பார்த்து நாய்கள்கூடக் குரைக்க மறந்துவிட்டன.

ஏன் வாங்கினார் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். டீசல் வாசம் இல்லை, கியர் மாற்றுகிற குலுக்கல் இல்லை, என்ஜின் உதறல் இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அக்காவுக்காக வாங்கினார். கேட்டால், பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்பார். பெண்டாட்டி மேல் பாசம் வைப்பதைக்கூட யாராவது கணக்கில் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம்போல.

அந்தக் காரில் அக்கா மலை இறங்கினாள். ரைட்டரண்ணன் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடிப் பாத்திரம் ஏற்றிய வண்டிபோல மெதுவாகத் திருப்பினார். அடிவாரம் வந்துவிட்டது. அக்காவுக்கு லேசாகத் தலை கனத்தது, அவ்வளவுதான். மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய், அலமாரியில் இருந்த டப்பா ஒன்று விடாமல் திறந்து பார்த்தாளாம். மலர் அழுதுகொண்டே, "என்னம்மா தேடறே?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் தேடல சாமி, சும்மா பாக்கறேன்" என்றாளாம். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை போய்விட்டு வந்தாள். வந்ததும் என் கடையில் உட்கார்ந்து சேலத்தைப் பற்றி எனக்கே சொல்லுவாள். நான் வாராவாரம் சரக்கெடுக்கப் போகிற ஊர். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு கேட்பேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றரை வருடம் போனது. மலர் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. அதே மாதத்தில் கம்பெனிக்காரன் காரின் விலையைக் குறைத்தான்.

ரைட்டரண்ணன் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "இது எந்த வருசத்துப் பேப்பருங்க?" என்று கேட்டார். இன்றைக்கு வந்த பேப்பர்தான் என்றேன். மறுபடி படித்தார். அவர் வாங்கிய அதே கார், அதே பேட்டரி, இரண்டே முக்கால் லட்சம் குறைவு. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. துவரம்பருப்பு இரண்டு மூட்டை இறக்கிய மறுநாள் விலை சரிந்தால், எனக்கே இரண்டு வேளை சோறு இறங்காது. ஆனால் நான் மூன்றாம் வேளை சாப்பிட்டுவிடுவேன். ரைட்டரண்ணன் அதையே மென்றுகொண்டிருந்தார். அவரைப்போல முதலில் வாங்கியவர்கள் எல்லாம் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு என்று எல்லா ஊரிலும் நெஞ்சு எரிகிறவர்கள் இருந்தார்கள். வித்தியாசத் தொகையைத் திருப்பிக் கொடு என்றார் ஒருவர். ஷோரூம் வாசலில் காரை எல்லாம் குறுக்கே நிறுத்துவோம் என்றார் இன்னொருவர். நாளெல்லாம் அந்தக் குரல்களை போனில் கேட்டுக்கொண்டே ரைட்டரண்ணன் வாசலில் நடப்பார். நாம்தான் முதல் ஏமாளி என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வார்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற எங்கள் வீட்டிலிருந்தே ஆள் போனது. சாதிக் பாஷாவின் ஜீப் அதன் ஆயுளை எப்போதோ முடித்துக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக அந்த நீலக் காரை ஏக்கத்தோடு பார்த்தவர், விலை குறைந்த வாரமே போய் ஒரு வெள்ளைக் காரை முன்பதிவு செய்துவிட்டார். செய்ததோடு விட்டாரா? உங்களைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று சொல்ல, அரைக் கிலோ ஜிலேபியோடு ரைட்டரண்ணன் வீட்டுக்குப் போனார். என் புருஷனுக்கு நேரம் காலம் தெரியாது என்பது எனக்குத் தெரியும், ஆனால் இவ்வளவு தெரியாது என்று நினைக்கவில்லை.

"என்ற காசுல வாங்குன இனிப்பை எனக்கே குடுக்கறீங்களா பாஷா?" என்று கேட்டாராம் ரைட்டரண்ணன். அதோடு பேச்சு நின்றது. என் கடைக்கு வருவதும் நின்றது. உப்பு வாங்கக்கூட டவுனுக்குப் போனார். அக்கா மட்டும் பின்பக்கமாக வந்து சாமான் வாங்கிக்கொண்டு போவாள்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன பணத்தைக் காரிடமிருந்தே பிடுங்கிவிடுவது என்று ரைட்டரண்ணன் முடிவு செய்தார். அந்தக் காரில் ஒரு வசதி உண்டு. காலைப் பெடலிலிருந்து எடுத்தால் வண்டி தானே இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கும், அப்படிக் குறைக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பும். எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் இருக்கிறது. ஒன்றில் வைத்தால் தண்ணீர் ஓடுவதுபோல இறங்கும். மூன்றில் வைத்தால் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து விடுவதுபோல இருக்கும், ஆனால் அடிவாரம் போய்ச் சேரும்போது பேட்டரியில் நன்றாக ஏறியிருக்கும். அதுவரை ஒன்றில் ஓட்டியவர் மூன்றுக்கு மாற்றினார். மலை மேல் இருக்கிறவனுக்குத்தானே இப்படி ஓசி மின்சாரம் கிடைக்கும், கீழே இருக்கிறவனுக்குக் கிடைக்குமா என்று ஆசை. அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் வயிற்றை என்ன செய்யும் என்று அவர் யோசிக்கவில்லை. ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அக்காவுக்கோ நம்பர் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அந்த மாதம் மகளைப் பார்க்கக் கிளம்பியவள் பாதி மலையில் சுருண்டுவிட்டாள். ரைட்டரண்ணன் வண்டியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பழையபடி மூன்று நாள் படுக்கை. நான் கஞ்சி எடுத்துப் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்குக் காரின் மேல் சந்தேகமே வரவில்லை. தன் உடம்பு பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டது என்று நம்பினாள்.

அவள் வேதனைக்குக் காரணம் இருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் மலருக்கு ரத்த அழுத்தம் இருந்தது, மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலருக்கு மாமியார் இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை திருப்பூரில். மகள் வர முடியாதென்றால் தாய்தான் கீழே போக வேண்டும்.

"வாந்தி எடுத்தா எடுத்துட்டுப் போகுது, ஒரு தடவை போயி அங்கயே இருந்துக்கக்கா" என்றேன்.

"மூணு நாளு எந்திரிக்க முடியாம கெடப்பனே ஷஹீதா. புள்ளை பெத்தவளுக்கு நான் பாக்கறதா, எனக்கு அவ பாக்கறதா?"

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று, எங்கள் வீட்டுக்காரர் கதையைச் சொன்னேன். இருபத்தைந்து வருடமாக இந்த மலையில் ஜீப் ஓட்டுகிற மனிதர், வேறு யாராவது ஓட்டி இவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மூன்றாவது வளைவில் முகம் பச்சையாகிவிடும். மலை டிரைவர்கள் பாதிப் பேர் அப்படித்தான். ஓட்டும்போது எதுவும் செய்யாது, உட்கார்ந்தால்தான் வினை. "நீயும் ஓட்டிட்டே போயிருக்கா" என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. சுவரிலிருந்து என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாளே என்னை நச்சரித்து, தன் பேரில் எல்.எல்.ஆருக்கு மனுப் போட வைத்துவிட்டாள். இந்த வயதில் என்ன கூத்து என்று ரைட்டரண்ணன் குதித்தார். அக்கா அவரோடு சண்டை போடவில்லை. "வாங்கும்போது எனக்காவன்னுதானே வாங்குனீங்க? நான் உக்கார முடியாத காரை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாளாம். அதற்கு மேல் மனிதரால் என்ன பேச முடியும்?

மலையில் வண்டி பழகச் சமதரை வேண்டுமே. இருந்த ஒரே சமதரை எஸ்டேட்டின் களம், காபிக் கொட்டை காய வைக்கிற சிமெண்ட் தரை. மழைக் காலத்தில் அது காலியாகக் கிடக்கும். பழைய ரைட்டர் என்ற மரியாதையில் அனுமதி கிடைத்தது. தினமும் சாயங்காலம் நீலக் கார் அந்தக் களத்தைச் சுற்றிச் சுற்றி வரும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, அதனால் அக்காவுக்குப் பயமில்லை. தையல் மெஷின் மிதிக்கிற கால் அது. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஓடும் என்று இரண்டு நாளில் பிடித்துக்கொண்டது. களத்தில் தேறியதும் நாகலூர் ரோட்டில், அப்புறம் வெள்ளக்கடை வரைக்கும். எஸ்டேட் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி என்னிடம், அக்கா இனிமேல் ஜாக்கெட்டை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களா என்று கேட்டாள்.

லைசென்ஸ் பரீட்சை சேலத்தில். பரீட்சைக்குப் போகவே மலை இறங்கியாக வேண்டும். எல் போர்டைக் கட்டிக்கொண்டு அக்காவே ஓட்டினாள். ரைட்டரண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். லீ பஜாரில் சரக்கு வாங்க வேண்டும் என்ற சாக்கில் நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லைதான், பெண்டாட்டிக்குத் துணை என்பதால் பொறுத்துக்கொண்டார்.

இருபதாவது வளைவிலிருந்து எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. அக்கா முன்கண்ணாடியை முறைத்துப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஏறி வருகிற பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டாள். கார் இழுத்து இழுத்து விட்டது. பின்னால் இருந்த எனக்கே வயிறு ஒருமாதிரி இருந்தது. முன்னால் ரைட்டரண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். பதினோராவது வளைவு தாண்டியதும் மெல்லிய குரலில், "செல்வி, நிறுத்து" என்றார்.

இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்தினாள். அவர் இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எடுத்தார் பாருங்கள், வாந்தி. குரங்குகள் மரியாதையாகத் தள்ளிப் போய் உட்கார்ந்தன. அக்கா தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் கவலையே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே பண்ணலையே ஷஹீதா" என்றாள் என்னிடம். இரண்டு தரம் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ரைட்டரண்ணன் சுவரின் மேலேயே உட்கார்ந்தார். காரைப் பார்த்தார். "அது மூணுல கெடக்குது செல்வி" என்றார். அக்காவுக்குப் புரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். விலை குறைந்ததும், ஆத்திரத்தில் நம்பரை மாற்றியதும், மின்சாரம் திரும்புவதும்.

"கரண்டுக்காவ என்னைய மூணு நாளு படுக்க வெச்சீங்களா?"

"ஓட்டறவனுக்கு ஒண்ணும் தெரியறதில்லம்மா. இந்தப் பக்கம் உக்காந்தாத்தான் தெரியுது."

அக்கா போய் வண்டியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. "எங்க மாத்தோணும், காட்டுங்க" என்றாள். அவர் காட்டினார். ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட்டு, அவர் ஏறும்வரை காத்திருந்தாள். பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸ். திரும்பி வரும்போது மலர் வீட்டில் சாப்பிட்டோம். அங்கே, வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று ரைட்டரண்ணனுக்கு மோர் மட்டும் ஊற்றச் சொன்னாள் அக்கா. கோபம் தீர்ந்துவிட்டது என்று அதை வைத்து நான் தெரிந்துகொண்டேன்.

பெண்டாட்டியிடம் தலை குனிந்தாரே தவிர, கம்பெனியை விட அவர் தயாராக இல்லை. எங்கள் வீட்டுக்காரரோடு பேச்சும் இல்லை. கடை வாசலில் நிற்கும் வெள்ளைக் காரைப் பார்த்தால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவார். ஐப்பசியில் ஒரு நாள், ஷோரூம் ஆட்களோடு பேச்சுவார்த்தை என்று குழுவில் எல்லோரும் சேலத்துக்குக் கிளம்பினார்கள். இவரும் நீலக் காரை எடுத்துக்கொண்டு காலையிலேயே இறங்கிப் போனார். மலருக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அடுத்த வாரம் அக்கா கீழே போய்த் தங்குவதாக ஏற்பாடு.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மலரிடமிருந்து போன். பனிக்குடம் உடைந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள், மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து கிளம்பிவிட்டார். அக்கா கணவருக்கு போன் போட்டாள். இதோ மேலே வந்து கூட்டிப் போகிறேன் என்றார் அவர். வெளியே மழையும் பனிமூட்டமும். லீவு நாள் வேறு, ரோடு முழுக்க டூரிஸ்ட் வண்டி. அவர் ஏறி வந்து, இவளை ஏற்றி, திரும்ப இறங்குவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிடும்.

அக்கா என் கடைக்கு வந்தாள். பின்பக்கமாக இல்லை, முன்வாசல் வழியாக. வெள்ளைக் காருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பாஷா தம்பி, சாவி குடுங்க."

"ஏறுங்கக்கா, நான் கொண்டு போயி உடறனுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க ஜீப்பு ஓட்டற வேகத்துல ஓட்டுனா நான் போயிச் சேந்தும் பிரயோசனமில்ல தம்பி. மகளைப் பாக்கப் போறேன், படுக்கறதுக்குப் போகல. சாவி குடுங்க."

சாதிக் பாஷா என்னைப் பார்த்தார். அந்தக் காரின் சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் பிரிக்கவில்லை. நான் துடைக்கக்கூடத் தொட விட மாட்டார். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பெண், மழை, பனி, இருபது வளைவு. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாவம், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அக்கா கையில் வைத்தார். அவரைக் கல்யாணம் கட்டிக்கொண்டதற்கு அந்த நிமிஷத்தில் நான் சந்தோஷப்பட்டேன். இதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

அவர் முன்னால் ஏற, கடையை இழுத்து மூடிவிட்டு நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அதே கார்தான், நிறம் மட்டும் வேறு, அதனால் அக்காவின் கைக்கு எல்லாம் பழக்கம். கணவருக்கு போன் போட்டு, "மேல வராதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் பாஷா தம்பி கார்ல வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். நம்பர் ஒன்றில் இருக்கிறதா என்று பார்த்தாள். கிளம்பினோம்.

டவுன் தாண்டியதும் பனி கண்ணை மறைத்தது. பத்தடிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அக்கா விளக்கைப் போட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்து, முகத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்ததுபோல ஓட்டினாள். ஒரு வளைவில் டூரிஸ்ட் கார் ஒன்று நடு ரோட்டில் ஏறி வந்தது. இவள் நிறுத்தி, அவன் ரிவர்ஸ் எடுத்து ஒதுங்கும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த சாதிக் பாஷா, தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். உதடு துஆ ஓதிக்கொண்டிருந்தது. பத்தாவது வளைவுக்குப் பிறகு துஆவும் நின்று கண்ணை மூடிக்கொண்டார். நான் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பயம்தான். ஆனால் அக்கா களத்தில் சுற்றியதுபோலவே நிதானமாகத் திருப்புவதைப் பார்த்த பிறகு பயம் குறைந்தது.

அடிவாரத்தில் மழை இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ரைட்டரண்ணன் நின்றிருந்தார். அவர் காதில் போன். வெள்ளைக் கார் உள்ளே வந்து நிற்பதையும், ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்து அவர் பெண்டாட்டி இறங்குவதையும் பார்த்தார். அக்கா, "எந்த மாடி?" என்று மட்டும் கேட்டாள். முதல் மாடி என்றார். அவள் படியேறிவிட்டாள். இந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு சாதிக் பாஷா வேப்பமரத்தடிக்குப் போய்க் குந்தினார். அவர் முகத்தின் நிறத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

போனில் குழுத் தலைவர். பேச்சுவார்த்தைக்கு நடுவில் ஏன் எழுந்து போனீர்கள், உங்கள் பெயருக்கு நேரே எவ்வளவு கேட்பது என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது. ரைட்டரண்ணன் காரைப் பார்த்தார், மரத்தடியில் குந்தியிருந்தவரைப் பார்த்தார்.

"என்ற பேரை எடுத்துருங்க" என்றார். "வெலை கொறைஞ்ச பொறவு வாங்குன காரு ஒண்ணு எங்கூருக் கடை வாசல்ல நின்னுச்சுங்க. அதுலதான் எங்கூட்டுக்காரி வந்து எறங்கியிருக்கறா. அந்த வெலை கொறையலீன்னா பாஷா வாங்கியிருக்க மாட்டாரு. இனி நான் எந்த மொகத்தோட கேக்கறது?"

போனை வைத்துவிட்டு, எதிர்க் கடைக்குப் போய் ஒரு சோடாவை உடைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நான் நின்று கேட்கவில்லை. அக்காவுக்குப் பின்னால் ஓடினேன்.

முதல் மாடியில் பிரசவ அறை வாசலில் நர்ஸ் ஒருத்தி அக்காவை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மலரின் குரல் கேட்டது. யார் நீங்கள், சும்மா எல்லோரும் உள்ளே வரக் கூடாது என்றாள் நர்ஸ்.

"நான் அவளோட அம்மாங்க."

"அம்மா மலை மேல இருக்காங்க, அவங்களால வர முடியாதுன்னு அந்தப் பொண்ணு இப்பத்தானே அழுதுட்டே சொன்னா?"

அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்துட்டனுங்க" என்றாள். நர்ஸ் கதவைத் திறந்துவிட்டாள்.